போடுவாங்க என்று சொன்னவள்

...இன்னும் நான்கு கையெழுத்து, அப்புறம் அந்தத் தாள் என்னிடம் வந்துவிடும், அதற்குள் ஏதாவது நடந்து தொலைக்காதா, கரன்ட் போகாதா, மழை வராதா, வெளியே களத்தில் சாமை காய்கிறது, மழை வந்தால் எல்லாரும் எழுந்து ஓடத்தான் வேண்டும், இயக்குநராவது மண்ணாங்கட்டியாவது, நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டி அள்ள ஓடிவிடுவேன்... ஜன்னல் வழியே பார்க்கிறேன், வானம் பளிச்சென்று இருக்கிறது, வேண்டாத நாளில் பொத்துக்கொண்டு ஊற்றும், வேண்டும் என்று நினைத்தால் இப்படித்தான் வெளுத்துக்கொண்டு நிற்கும். தலைவர் அர்த்தனாரி அண்ணன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அறிக்கையைப் படிக்கிறார், படிக்கிறாரா, சும்மா எழுத்தின்மேல் விரலை ஓட்டுகிறாரா, யார் கண்டது. எனக்கு அது மனப்பாடம், மேலாளர் பிரேம் நேற்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். 'தொழிலாளி ராமாயி, கம்பெனி வழங்கிய பாதுகாப்பு ஷூவை அணியாமல் களத்தில் வேலை செய்ததே விபத்துக்குக் காரணம். இது அவருடைய சொந்த அலட்சியம்.' அதற்குக் கீழே ஐந்து இயக்குநர்களின் பெயர், கடைசியில் என் பெயர், கோகிலவாணி, பெயருக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தொழிலாளர் நலக் குழுத் தலைவி. நலம்! நான் கையெழுத்துப் போட்டால் ராமாயியின் ஆஸ்பத்திரிச் செலவு அவள் தலையில், அவள் வேலை அடுத்துப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவளுக்கு. போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியதை ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருக்கிறேன்.

வலது கால். பத்து நாள் ஆயிற்று. இரண்டு மூட்டை கேழ்வரகு ஏற்றிய தள்ளுவண்டி களத்துச் சரிவில் பிடி நழுவி, முன்னால் நின்று தானியத்தைக் கிளறிக்கொண்டிருந்தவளின் காலில் ஏறி இறங்கிவிட்டது, ஜீப்பில் போட்டு எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் கொண்டுபோனார்கள், கட்டைவிரலும் பக்கத்து விரலும் எடுத்தாகிவிட்டது. நான் போனேனா? போனேன். வார்டு வாசல்வரை போனேன். அவள் மகள் பூங்குழலி வெளியே வந்து, அம்மா இப்பத்தான் கண்ணு அசந்துச்சு, எழுப்பட்டுமுங்களா என்று கேட்டாள், வேண்டாம் வேண்டாம் என்று சாத்துக்குடிப் பையை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன், அப்பாடா என்று இருந்தது, த்தூ, என்ன பிறவி நான். மூன்று நாளைக்கு முன்னால் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்களாம். எங்கள் ஊரிலிருந்து அவள் ஊருக்கு நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது, கொடிக்கால் பக்கமாகக் குறுக்கே விழுந்து போனால் இன்னும் சீக்கிரம், ஆனால் நேற்று மிளகுக்குக் கவாத்துப் பார்க்கணும், முந்தாநாள் விருந்தாளி, இன்றைக்குக் கூட்டம், எனக்குத்தான் எத்தனை வேலை, அடேங்கப்பா.

அவளோடு ஏழு வருஷம் இதே களத்தில் கிடந்தவள்தானே நான். விவசாயிகள் நாங்களே பங்கு போட்டு நடத்துகிற கம்பெனி இது, இயக்குநர் குழுவில் பெண் ஒருத்தி வேண்டும் என்று பங்குதாரர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, நம்ம கோகிலா பத்தாவது படிச்சிருக்கா என்று முதலில் கை தூக்கினவளே ராமாயிதான். அப்போதெல்லாம் களம் என்றால் எங்களுக்குக் கால்தான். காலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டே நடப்போம், ஒரு நடைக்கு ஒரு சால், அடியில் கிடக்கிறது மேலே வரும், மேலே கிடக்கிறது அடியில் போகும், கையால் அள்ளிக் கடித்துப் பார்க்கிறதெல்லாம் வெளியாட்கள் செய்கிற வேலை, எங்களுக்கு உள்ளங்காலே சொல்லிவிடும், இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னும் ஒரு வெயில் வேண்டும், இது போதும் அள்ளு. அதுவும் போக, தின்கிற தானியத்தின்மேல் செருப்புப் போட்டுக்கொண்டு எவளாவது ஏறுவாளா? எங்கள் மலையில், இந்தத் திருப்புலி நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு, இதே மேஜையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து...

சாமை வாங்குகிற சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண்தான், குற்றம் சொல்ல மாட்டேன், மலை ஏறும்போது வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்தாள், நான்தான் சுக்குக் காப்பி கொடுத்தேன். தொழிலாளர் பாதுகாப்பு என்று கையில் பெரிய பட்டியல் வைத்திருந்தாள், கையுறை, முகமூடி, குடிதண்ணீர், கக்கூஸ், எல்லாம் டிக் டிக் என்று போய்க்கொண்டே வந்து ஷூவில் நின்றாள். ஷூ வாங்கித் தந்தா போடுவாங்களா மேடம் என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, மலையில இருக்கறவங்களுக்குப் பழக்கம் இருக்காதுல்ல என்று மெதுவாக, பரிவாக, காய்ச்சல்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவுதான். ஏன் போடமாட்டாங்க, போடுவாங்க என்றேன். ஒரு வார்த்தை. அவள் டிக் அடித்தாள். காலால்தான் கிளறுவோம், காலில்தான் பதம் பார்ப்போம், தானியத்தின்மேல் செருப்பு ஏறாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பெண் ஓகோ என்று இன்னும் பரிவாகப் பார்ப்பாளே, அதை எப்படித் தாங்குவது... ஆக எனக்கு வெட்கம். என் சனத்தின் கால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. இதை இத்தனை பச்சையாக இப்போதுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாற்பத்திரண்டு ஜோடி வந்து இறங்கியது, கறுப்பு, முனையில் இரும்புத் தகடு, தூக்கிப் பார்த்தால் கை இழுக்கிறது. போட்டோ எடுக்க வேண்டும் என்றார் பிரேம். களத்துக்கு வெளியே மண் தரையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, சிரிங்க சிரிங்க என்று சொன்னது யார், நான்தான். எடுத்து முடித்ததும் ஒவ்வொருத்தியாகக் கழற்றிக் கொட்டகைச் சுவரோரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு சாமைக்குள் இறங்கினார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பிரேமும் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அது சோம்பேறித்தனம், எனக்கு அது என் பொய். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குறை கேட்கும் நாள். நான் முன்னால், பிரேம் நோட்டோடு பக்கத்தில். ஏதாச்சும் குறை இருக்குதுங்களா? ஒரு குறையும் இல்லீங்க. பிரேம் எழுதிக்கொள்வார், குறைகள் இல்லை. என்னோடு களத்தில் கிடந்து உழைத்தவர்களைப் பார்த்து நான் குறை இருக்குதுங்களா என்கிறேன், அவர்கள் என்னைப் பார்த்து இல்லீங்க என்கிறார்கள், கூத்தாடிகள் தோற்றார்கள். நான் வேலை செய்த காலத்தில் இயக்குநர்கள் வந்தால் இதே முகத்தை வைத்துக்கொண்டு இதையேதான் சொல்வோம், அவர்கள் போனதும் கொட்டகைக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரிப்போம். ராமாயி தலைவர் மாதிரியே இருமிக் காட்டுவாள். இப்போது என்னை மாதிரி யார் நடித்துக் காட்டுகிறார்கள்?

தாள் நகர்ந்துவிட்டது. அர்த்தனாரி அண்ணன் போட்டாயிற்று, அவருக்கு அடுத்து இருக்கிற இரண்டு பேரும் படிக்காமலே போட்டாயிற்று, இப்போது அப்துல் நாசர் பாயிடம் இருக்கிறது. பேளுக்குறிச்சியில் மிளகு வியாபாரம், வியாபாரம் தெரிந்த வெளியாள் ஒருவர் குழுவில் இருக்கட்டும் என்று நாங்களே கேட்டுக் கூட்டிவந்தவர். பேனா மூடியைத் திறந்தவர் மறுபடியும் மூடிவிட்டார்.

"ஏன் பிரேம், நாப்பத்திரண்டு ஜோடி வாங்கிக் குடுத்திருக்கோம். ஒருத்தருமே போடலைன்னா அது ராமாயி அலட்சியம்னு எப்படி ஆகும்? ஏன் போடறதில்லன்னு கேட்டீங்களா?" என்கிறார். எத்தனை தடவ சொன்னாலும் கேக்கறதில்ல சார் என்று பிரேம் சலித்துக்கொள்கிறார். அவர் கெட்டவர் இல்லை, பாவம், சாமை சரியான பதத்தில் போகாவிட்டால் திட்டு வாங்குகிறவர் அவர்தான், ராமாயியைத் தூக்கி ஜீப்பில் போட்டவரும் அவர்தான், சட்டையெல்லாம் ரத்தம். "மேடம்தான் மூணு மாசத்துக்கு ஒருக்கா நேர்ல பேசறாங்க. ஒரு குறையும் இல்லைன்னுதான் பதிவாயிருக்கு" என்று என் பக்கம் கையைக் காட்டுகிறார். நான்கு தலையும் என் பக்கம் திரும்புகிறது. சொல்லிவிடேன், இதைவிட நேரம் எப்போது வாய்க்கும், சொல்லு... நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறேன். நாசர் பாய்தான், அவங்கள்ல ஒருத்தரையே கூப்பிட்டுக் கேட்டா என்ன என்கிறார்.

பெருமாயி அக்கா வந்தாள். களத்தில் எல்லாருக்கும் மூத்தவள், என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். தலையில் உமி ஒட்டியிருக்கிறது, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்கிறாள், உட்காருங்க என்று நாசர் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டும், இருக்கட்டுமுங்க என்று நின்றுகொண்டே இருக்கிறாள். நலக் குழுத் தலைவி ஆயிற்றே, நான்தான் கேட்க வேண்டும். ஏனுங்க அக்கா, ஷூ ஏன் போடறதில்ல என்று கேட்டேன், என் குரலே எனக்கு அசிங்கமாகக் கேட்டது. பெருமாயி என் முகத்தைப் பார்த்தாள், பிரேமைப் பார்த்தாள், மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். சொல்லு அக்கா, நீ சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை...

"மறந்துபோச்சுங்க" என்றாள். "எங்க தப்புத்தானுங்க. இனிமே போட்டுக்கறமுங்க."

பிரேம் பெருமூச்சு விட்டார். நாசர் பாய் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டார். முடிந்துவிட்டது. நான் ஒரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய்யையே பெருமாயி திருப்பிச் சொல்லிவிட்டாள், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொல்கிறாள், எனக்கு அந்தப் பயம்கூடக் கிடையாது. இனி யாரும் எதையும் கேட்கப்போவதில்லை, கோகிலவாணி என்று இழுத்துவிட்டு வந்தால் மத்தியானச் சாப்பாடு, ராமாயிக்கு நான் தனியாக ஏதாவது செய்துகொடுக்கலாம், நம் வீட்டு மிளகில் கொஞ்சம், பூங்குழலிக்குத் துணிமணி... ஐயோ, இதென்ன கணக்கு, விரல் போனவளுக்குத் துணிமணியா? பேனாவைப் பிடித்திருக்கிறேன், பெருமாயி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், போகச் சொன்னால் போய்விடுவாள், ஏன் யாரும் அவளைப் போகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்...

"அக்கா சொல்றது பொய்யிங்க" என்று யாரோ சொல்கிறார்கள். நான்தான். நிறுத்த முடியவில்லை. "மறக்கலீங்க. தானியத்து மேல ஷூவோட யாரும் ஏறமாட்டாங்க. ஏறுனாலும் வேல நடக்காதுங்க, கால்லதான கிளறோணும், காஞ்சுதா இல்லியான்னு கால்லதான தெரியும். இது எனக்குப் போன வருசமே தெரியுமுங்க. தெரிஞ்சேதான் போடுவாங்கன்னு சொன்னேன். அவங்க யாரையும் நான் கேக்கவே இல்லீங்க."

அர்த்தனாரி அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார், எனக்கும் தெரியும் கண்ணு, அந்தச் சென்னைப் பொண்ணு வந்த அன்னிக்கு நானே செருப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் களத்துக்குள்ள வந்தேன் என்கிறார், அவர் காது மடல் சிவந்துபோயிருக்கிறது. யா அல்லா, தெரிஞ்ச ரெண்டு பேரை வெச்சுக்கிட்டா இத்தன ஷூ வாங்கினோம் என்று நாசர் பாய் தலையில் கை வைத்துக்கொள்கிறார், சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டும் கலந்து வருகிறது அவருக்கு. பிறகு பெருமாயியிடம் திரும்பி, நீங்க சொல்லுங்கம்மா, என்னதான் செய்யலாம் என்று கேட்டார். பெருமாயி ஜன்னலுக்கு வெளியே களத்தைக் கைகாட்டினாள். "வண்டி போறதுக்குத் தானியம் படாம ஓரமாத் தடம் ஒண்ணு விட்டுட்டீங்கன்னா, வண்டி தள்றவ ஷூவப் போட்டுக்கிட்டுத் தள்ளுவாளுங்க. கிளர்றவங்க பக்கம் வண்டியே வராதுங்க" என்றாள். இதை ஏம்மா முன்னாடியே சொல்லல என்று பிரேம் கிட்டத்தட்டக் கத்திவிட்டார். "குறை இருக்குதான்னுதான கேட்டீங்க" என்றாள் பெருமாயி, "இது வேலைங்களே."

தாளைக் கிழித்தது நாசர் பாய். புதுத்தாளில் பிரேம் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார், வேலைமுறையை விசாரிக்காமல் ஷூ வழங்கியது இயக்குநர் குழுவின் தவறு, சிகிச்சை முழுவதும் கம்பெனியின் பொறுப்பு, ராமாயி குணமாகி வரும்வரை அவருடைய இடம் அவருக்கே. என் பெயரையும் எழுதச் சொன்னேன், போடுவார்கள் என்று தவறான தகவல் தந்தது கோகிலவாணி. எழுதும்போது பிரேமின் கை தயங்கியது, எழுதுங்க என்றேன், உடம்பு லேசானது மாதிரி இருந்தது, பத்து நாளாகத் தின்ற சோறு இன்றைக்குத்தான் செரிக்கும்போல. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஆமாம், இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும். பார்த்தாயா பெருமாயி அக்கா, நான் இன்னும் உங்கள் ஆள்தான் என்று சொல்லத் தோன்றியது. அதற்குப் பதிலாக, ராமாயிகிட்ட நீங்களே போயி மொதல்ல சொல்லீருங்கக்கா, அவ வேலைக்கு ஒண்ணும் ஆகாது, வந்துரலாம்னு என்றேன்.

"அவ வரமாட்டாளுங்க" என்றாள் பெருமாயி.

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். பிரேம் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அவ ஒரு நா அந்த ஷூவப் போட்டுக்கிட்டுக் களத்துல எறங்கினாளுங்க. வண்டி ஏறறதுக்கு ஒரு வாரம் முந்தி. என்னடி இதுன்னு கேட்டா, கோகிலா சொல்லியிருக்கான்னா காரணம் இல்லாம இருக்காது, நடந்து பழகிக்கலாம்னு சொன்னா. நாங்கதான் அத்தன பேரும் சேர்ந்து வெரட்டித் திட்டிக் கழட்ட வெச்சோம். இப்ப என்னடான்னா, ஷூவோட சாமைய மிதிச்ச காலு, எட்டுக்கை அம்மன் எடுத்துக்கிச்சுன்னு செவுத்தப் பார்த்துப் படுத்துக் கெடக்கறாளுங்க. மாத்திரையும் முழுங்கறதில்ல. இனிக் களத்து மேல காலே வெக்கமாட்டாளாம். பூங்குழலி கெஞ்சிப் பார்த்துட்டா, நானும் கெஞ்சிட்டேன்." சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நான் போயிச் சொன்னாக் கேக்கமாட்டாளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மேடம், கையெழுத்து என்கிறார் பிரேம். போடுகிறேன், கோகிலவாணி, முதல் தடவை எழுதுகிற மாதிரி எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அப்போ அன்றைக்கு வார்டில் அவள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்... போக வேண்டும், இப்போதே போக வேண்டும், கொடிக்கால் வழியாகப் போனால் அவள் வீட்டில் அடுப்பு அணைவதற்குள் போய்விடலாம். போய் உட்கார்ந்து, அடியே ராமாயி, அம்மன் இல்லடி, நான்தான்டி என்று சொல்ல வேண்டும். சொன்னால்? அம்மன் என்றால் ஒரு பொங்கல் வைத்து, ஒரு சேவலை நேர்ந்துவிட்டு, அழுது தீர்த்து எழுந்துவிட அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. நான்தான் என்று தெரிந்துவிட்டால் அவள் எங்கே போய் அழுவாள்? எனக்குப் பயந்து பொய் சொன்னவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தலையாட்டிவிட்டுப் பின்னால் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்னதை நம்பி அந்த இரும்பைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கினவள் அவள் ஒருத்திதான். காரணம் இருக்கும் என்றாளாம். என்ன காரணம்டி கோகிலா என்று படுத்துக்கொண்டே கேட்பாள், கண்டிப்பாகக் கேட்பாள்... நான் என்ன சொல்வேன்?